டோக்கன் யார் கையில்? மூன்றாம் தரப்பு குக்கீயின் முப்பது வருடம்

2020 ஜனவரியில் கூகுள் ஒரு அறிவிப்பு விட்டது. குரோம் பிரவுசரிலிருந்து மூன்றாம் தரப்பு குக்கீகளை இரண்டு வருடத்துக்குள் எடுத்துவிடுவோம் என்று. இணைய விளம்பரத் தொழிலே அல்லோலகல்லோலப்பட்டது. அந்த வாரம் வந்த கட்டுரைகளை இப்போது உட்கார்ந்து படித்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஏதோ யாரும் எதிர்பாராத இடி தலையில் விழுந்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதே யோசனை 23 வருடங்களுக்கு முன்பே, 1997 பிப்ரவரியில், ஸ்பெக்காகவே வெளிவந்துவிட்டது. ஆர்எஃப்சி 2109 என்று பெயர். எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெல் லேப்ஸைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்டல். இன்னொருவர் நெட்ஸ்கேப்பின் லூ மொன்டுல்லி, அதாவது குக்கீயைக் கண்டுபிடித்த ஆளே.

சில மாதங்களாக இந்தக் கதையை நோண்டிக்கொண்டிருந்தேன். நோண்ட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு கேள்விதான். குக்கீ போனால் பத்திரிகைகள் செத்துவிடும் என்கிறார்களே, குக்கீ இருந்தபோது அவை நன்றாக வாழ்ந்தனவா?

முதலில் குக்கீ எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கம் கேட்டால் கொடுக்கும், அத்தோடு உங்களை மறந்துவிடும். அடுத்த நொடி அடுத்த பக்கம் கேட்டால் நீங்கள் யாரோ. 1994-இல் எம்சிஐ நிறுவனத்துக்காக நெட்ஸ்கேப் ஒரு ஆன்லைன் கடை செய்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் கூடையில் என்ன போட்டார் என்ற பாதி முடிந்த கணக்கையெல்லாம் எங்கள் சர்வரில் வைக்க முடியாது என்று எம்சிஐ சொல்லிவிட்டது. அப்போது மொன்டுல்லிக்கு 23 வயது இருக்கும். யூனிக்ஸ் உலகில் ஏற்கெனவே புழங்கிய 'மேஜிக் குக்கீ' என்ற சொல்லை எடுத்து, ஒரு சிறு துண்டுச் செய்தியை வாடிக்கையாளரின் கணினியிலேயே வைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஜான் ஜியானாண்ட்ரியாவும் அவரும் சேர்ந்து முதல் ஸ்பெக்கை எழுதினார்கள். 1994 அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப் பீட்டாவிலேயே குக்கீ இருந்தது.

நம்ம ஊர் சினிமா தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்காரருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. ஒரு டோக்கனைக் கையில் கொடுத்துவிடுவார். படம் முடிந்து நீங்கள் டோக்கனை நீட்டினால் சைக்கிள் வரும். குக்கீ அவ்வளவுதான். அந்த டோக்கனை அதைக் கொடுத்த ஸ்டாண்டில் மட்டும்தான் நீட்ட முடியும் என்பது மொன்டுல்லி வைத்த விதி. அதாவது அ தளம் வைத்த குக்கீயை ஆ தளம் படிக்க முடியாது. ஊர் முழுக்க உங்களைப் பின்தொடர்கிற ஒரே அடையாள எண் வேண்டாம் என்று யோசித்தே அவர் இப்படிச் செய்தார்.

இதில் எங்கே ஓட்டை? ஊரில் உள்ள எல்லா ஸ்டாண்டையும் ஒரே காண்டிராக்டர் ஏலத்தில் எடுத்துவிட்டார் என்று வையுங்கள். தியேட்டர் ஸ்டாண்டு, கோயில் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி ஸ்டாண்டு எல்லாம் அவருடையது. ஒரே டோக்கனை எல்லா இடத்திலும் நீட்டுகிறீர்கள். நீங்கள் எங்கெல்லாம் போனீர்கள் என்பது அவருடைய நோட்டில் ஏறிவிடுகிறது. விதி மீறப்படவே இல்லை. டோக்கன் கொடுத்தவரிடம்தான் போகிறது. ஒரு செய்தித் தளத்தின் பக்கத்தில் வேறொரு சர்வரிலிருந்து விளம்பரப் படம் இறங்கும்போது, அந்தப் படத்துக்கான கோரிக்கையோடு அந்த விளம்பர சர்வரின் குக்கீயும் போகும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்ற தகவலும் போகும். ஆயிரம் தளங்களில் ஒரே விளம்பர சர்வர் என்றால் ஆயிரம் ஸ்டாண்டுக்கு ஒரே காண்டிராக்டர். 1996-இல் தொடங்கி டபுள்கிளிக் நிறுவனம் செய்தது இதைத்தான்.

கிறிஸ்டலும் அவருடைய குழுவும் இந்த ஓட்டையைப் பார்த்துவிட்டார்கள். பயனர் தானாகப் போகாத தளத்தின் குக்கீயை பிரவுசர் ஏற்கவே கூடாது, குறைந்தபட்சம் பயனர் கேட்டால் தவிர ஏற்கக் கூடாது என்று ஆர்எஃப்சி 2109-இல் எழுதினார்கள். விளம்பர நிறுவனங்கள் எதிர்த்தன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அந்தப் பத்தியை அப்படியே விட்டுவிட்டன. இத்தனைக்கும் மொன்டுல்லியின் பெயர் அந்த ஸ்பெக்கில் இருக்கிறது! பல வருடங்கள் கழித்து அவர் அதற்குக் காரணம் எழுதினார். மூன்றாம் தரப்பு குக்கீயை அடைத்தால் விளம்பரக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத வேறு வழியைக் கண்டுபிடிப்பார்கள், குக்கீ என்றால் பயனர் பார்க்கவாவது முடியும், அழிக்கவாவது முடியும் என்பது அவருடைய வாதம். ஒரு எஞ்சினியராக எனக்கு இந்த வாதம் புரிகிறது. ஆனால் இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம். பயனர் பார்க்கலாம் என்ற வசதியை எத்தனை பயனர் பயன்படுத்தினார்?

டபுள்கிளிக் கதையில் ஒரு இடம் முக்கியம். 1999-இல் அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை 170 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அபாகஸிடம் தபால் வழி விற்பனை வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, என்ன வாங்கினார்கள் என்ற பட்டியல் இருந்தது. குக்கீயில் பெயர் இல்லை, வெறும் எண்தான். இரண்டையும் இணைத்தால் எண்ணுக்குப் பெயர் வந்துவிடும். எதிர்ப்பு கிளம்பியது, அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி விசாரணை தொடங்கியது, 2000 மார்ச்சில் டபுள்கிளிக் தலைவர் கெவின் ஓ'கானர் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார். எட்டு வருடம் கழித்து, 2008-இல், கூகுள் 310 கோடி டாலருக்கு டபுள்கிளிக்கை வாங்கி முடித்தது.

இப்போது பத்திரிகைகள் பக்கம் வருவோம். அச்சுப் பத்திரிகை காலத்தில் கார் கம்பெனிக்குக் கார் வாங்குகிற ஆள் வேண்டுமென்றால் கார் பற்றிய பத்திரிகையில்தான் விளம்பரம் கொடுக்க வேண்டும். வாசகர் பத்திரிகையின் சொத்து. இணையத்தின் ஆரம்பத்திலும் அப்படித்தான். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி&டி போட்ட பேனர், அந்தத் தளத்துக்கு யார் வருவார்கள் என்பதை வைத்துப் போட்டதுதான். மூன்றாம் தரப்பு குக்கீ இதைத் தலைகீழாக்கியது. ஒருவர் பெரிய செய்தித்தாளின் தளத்தில் கார் விமர்சனம் படிக்கிறார். அங்கே இருக்கும் பத்து இருபது விளம்பர நிறுவனங்கள் அதைக் குறித்துக்கொள்கின்றன. இரண்டு நாள் கழித்து அதே ஆள் ஏதோ ஒரு குப்பைத் தளத்தில் ஜோக் படிக்கும்போது அவருக்குக் கார் விளம்பரம் காட்டுகிறார்கள், பத்தில் ஒரு பங்கு விலையில். விமர்சனம் எழுதிய நிருபருக்குச் சம்பளம் கொடுத்தது செய்தித்தாள். வாசகர் யார் என்று கண்டுபிடித்த பலன் குப்பைத் தளத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்கும்.

2010 வாக்கில் நேரலை ஏலம் பரவலானதும் இது இன்னும் வேகமாச்சு. பக்கம் திறக்கும் அந்த நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏலம் நடந்து முடிந்துவிடும். நடுவில் எத்தனை கை என்று யாருக்கும் தெரியாது. பிரிட்டன் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி நிறுவனத்தை வைத்து இதைத் துருவிப் பார்த்து 2020 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. 15 விளம்பரதாரர்கள், 12 பதிப்பாளர்கள். எல்லாரும் பெரிய ஆட்கள். விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் 51 சதவீதம்தான் பதிப்பாளர் கைக்கு வந்திருந்தது. 15 சதவீதம் எங்கே போனது என்று தணிக்கை நிறுவனத்தாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதைவிட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு எண். அவர்களுக்குக் கிடைத்த 26 கோடியே 70 லட்சம் விளம்பரக் காட்சிகளில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை லாகை ஒட்டிப் பார்க்க முடிந்தது 3 கோடியே 10 லட்சம் மட்டும்தான். லாக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிற வேலை எனக்கு. நூறில் பன்னிரண்டுதான் பொருந்துகிறது என்று ஒரு பேமெண்ட் சிஸ்டத்தில் யாராவது ரிப்போர்ட் கொடுத்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள்.

குக்கீயால் பதிப்பாளருக்கு எவ்வளவு லாபம் என்பதிலும் பெரிய சண்டை உண்டு. 2019-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. கூகுள் தன்னுடைய பெரிய 500 பதிப்பாளர்களிடம் சோதித்து, குக்கீ இல்லையென்றால் வருமானம் சராசரியாக 52 சதவீதம் குறைகிறது என்றது. மரோட்டா, அபிஷேக், அக்விஸ்டி மூவரும் ஒரு பெரிய அமெரிக்க ஊடக நிறுவனத்தின் லட்சக்கணக்கான பரிவர்த்தனைகளைப் பார்த்து, குக்கீ இருந்தால் கூடுதல் வருமானம் சுமார் 4 சதவீதம்தான் என்றார்கள். 52 எங்கே, 4 எங்கே!

இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் என்றுதான் நான் நினைக்கிறேன். கூகுள் சோதனையில் கொஞ்சம் பேருக்கு மட்டும் குக்கீயை நிறுத்தினார்கள். மற்றவர்களுக்கு இருந்தது. சந்தையில் லேபிள் ஒட்டிய மாம்பழமும் ஒட்டாத மாம்பழமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒட்டாததற்கு விலை விழத்தான் செய்யும். எல்லா லேபிளையும் பிய்த்துவிட்டால் என்ன விலை போகும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. கார் கம்பெனி விளம்பரம் செய்வதை நிறுத்திவிடப் போவதில்லையே, அதன் பட்ஜெட் எங்காவது போய்த்தான் ஆகணும். நான்கு சதவீத ஆய்வுக்கும் குறை உண்டு. ஒரே நிறுவனம், அதுவும் பெரிய நிறுவனம். சின்னத் தளங்களுக்கு அதை நீட்ட முடியாது.

அப்படியானால் நிஜமாகவே எல்லா லேபிளையும் பிய்த்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? உண்டு. நெதர்லாந்தில்.

நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் என்பிஓ. அதற்கு விளம்பரம் விற்கிற அமைப்பு ஸ்டெர். 2018 மே மாதத்தில் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் அமலுக்கு வந்தது. பெரும்பாலான தளங்கள் 'சம்மதம்' பொத்தானைப் பெரிதாகவும் 'வேண்டாம்' என்பதை நாலு பக்கம் தள்ளியும் வைத்து ஒப்பேற்றின. என்பிஓ அப்படிச் செய்யாமல், ஒருவர் தானாகவே 'சரி' என்று சொன்னால்தான் குக்கீ, பேசாமல் போனால் குக்கீ கிடையாது என்று வைத்தது. ஒழுங்காகக் கேட்டதும் 90 சதவீதம் பேர் குக்கீ இல்லாத பக்கம் போய்விட்டார்கள். இப்போது ஸ்டெர் மாட்டிக்கொண்டது. பத்தில் ஒன்பது வாசகருக்கு வழக்கமான முறையில் விளம்பரம் விற்க முடியாது.

அதனால் பழைய முறைக்குப் போனார்கள், கொஞ்சம் நவீனமாக. ஆள் யார் என்று பார்க்காமல், அவர் இந்த நிமிடம் என்ன பார்க்கிறார் என்பதை மட்டும் வைத்து விற்பது. சமையல் நிகழ்ச்சியா, பயணமா, விளையாட்டா? அதை வைத்து விளம்பரம். 2019-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் உட்பட பத்து விளம்பரதாரர்களோடு சோதித்தார்கள். குக்கீ உள்ளவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தையும் இல்லாதவர்களுக்குக் காட்டியதையும் ஒப்பிட்டால், பார்த்தவர் கடைசியில் வாங்கினாரா, பதிவு செய்தாரா என்ற அளவுகோலில் குக்கீ இல்லாதது சமமாகவோ மேலாகவோ இருந்தது. 2020 ஜனவரியில் குக்கீயை அடியோடு நிறுத்தினார்கள். கூகுள் தன் அறிவிப்பை விட்ட அதே மாதம்! ஜனவரியில் டிஜிட்டல் விளம்பர வருமானம் முந்தைய வருட ஜனவரியைவிட 62 சதவீதம் அதிகம். பிப்ரவரியில் 79 சதவீதம் அதிகம். கொரோனா வந்து விளம்பரச் சந்தை படுத்த பிறகும் முந்தைய வருடத்தைவிட மேலேதான் இருந்தார்கள்.

ஏன் கூடியது? விளம்பரம் திடீரென்று அற்புதமாக வேலை செய்ததால் என்று நான் நம்பவில்லை. நடுவில் இருந்தவர்கள் போனதுதான் முக்கியக் காரணம். ஏலச் சங்கிலி வேண்டாம் என்று ஆனதும், இஸ்பா கணக்கில் காணாமல் போன அந்தப் பாதிப் பணம் ஸ்டெர் கையிலேயே நின்றது.

இதை வைத்துக்கொண்டு "பாத்தீங்களா, எல்லாரும் இப்படிச் செய்யலாமே" என்று கிளம்புபவர்களிடம் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வேன். என்பிஓ நாட்டின் பெரிய ஊடகம். ஸ்டெருக்குப் பல பத்தாண்டுகளாக விளம்பரதாரர்களோடு நேரடிப் பழக்கம், சொந்த விற்பனை ஆட்கள், டச்சு மொழிச் சந்தை. மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற உள்ளூர்ச் செய்தித் தளத்துக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன் பண்ணாது. அவர்களுக்கு அந்த இடைத்தரகர் சங்கிலிதான், பாதியைப் பிடுங்கிக்கொண்டாலும், விளம்பரம் கொண்டுவருகிற ஒரே வழி. அவர்களுக்கு இருக்கும் மாற்று பல தளங்கள் சேர்ந்து ஒரே விற்பனை அமைப்பு வைத்துக்கொள்வது. பிரிட்டனில் கார்டியன், நியூஸ் யுகே, டெலிகிராஃப் மூன்றும் 2018-இல் ஓஸோன் என்று ஒன்றைத் தொடங்கின. ஆனால் அவையும் பெரிய தலைகள்தான்.

நியூயார்க் டைம்ஸ் போனது வேறு வழி. ஐரோப்பியப் பக்கங்களில் ஆளைப் பின்தொடரும் விளம்பரத்தையும் ஏல விற்பனையையும் 2018-இலேயே நிறுத்தியது, வருமானம் விழவில்லை. 2020 மே மாதத்தில், வெளியார் தரவு எதுவும் 2021 முதல் வேண்டாம், சொந்த வாசகர் தரவை வைத்து 45 பிரிவுகள் செய்திருக்கிறோம் என்றது. லட்சக்கணக்கானவர்கள் சந்தா கட்டி லாகின் செய்து படிக்கிற பத்திரிகை. டோக்கன் அவர்களுடையதே. மற்றவர்களும் இதைப் பார்த்து லாகின் சுவர் கட்டக் கிளம்பினார்கள். ஆனால் எல்லாக் கதவிலும் மின்னஞ்சல் முகவரி கேட்டால் வாசகர் திரும்பிப் போய்விடுவார்.

விளம்பரதாரர்கள் தரப்பில் எனக்குப் பிடித்த கதை ஜேபி மார்கன் சேஸ் வங்கியுடையது. 2017-இல் அவர்களுடைய விளம்பரம் மாதத்துக்கு சுமார் 4 லட்சம் தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. இதில் எத்தனையில் யாராவது விளம்பரத்தைப் பார்த்து ஏதாவது செய்திருக்கிறார்கள் என்று தேடினால் 12,000. பிறகு ஒரு பயிற்சி ஊழியரை உட்கார வைத்து அந்த 12,000 தளத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். 7,000 வேண்டாம் என்று ஆனது. மிச்சம் 5,000. நாலு லட்சத்திலிருந்து ஐயாயிரம்! விளைவில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதே வருடம் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் ஒரு காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் டிஜிட்டல் விளம்பரத்தை வெட்டியது, விற்பனை அசையவில்லை. குக்கீ வைத்து அளந்தபோது இவையெல்லாம் வேலை செய்வதாகவே காட்டியிருக்கும். ஏற்கெனவே வாங்கப்போகிறவருக்கு விளம்பரத்தைக் காட்டி, அவர் வாங்கியதும் "என்னால்தான்" என்று கணக்கு எழுதுவது சுலபம். குக்கீ இல்லாமல் அளப்பதற்கு இப்போது பல நிறுவனங்கள் செய்வது ரொம்பப் பழைய காரியம். சில ஊர்களில் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, அந்த ஊர் விற்பனையையும் மற்ற ஊர் விற்பனையையும் ஒப்பிடுவது. ஆளுக்கு ஆள் துல்லியம் கிடையாது. ஆனால் வெட்டுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு நேராகத் தெரியும்.

இன்னொரு கூட்டம் டோக்கனை விட மனசே இல்லாமல் புது டோக்கன் அடிக்க ஆரம்பித்தது. மின்னஞ்சல் முகவரியை ஹாஷ் செய்து அதையே எல்லாத் தளத்திலும் பொது அடையாளமாக வைப்பது. தி டிரேட் டெஸ்க் முன்னெடுத்த யூனிஃபைடு ஐடி 2.0 இந்த வகை. குக்கீயைவிட இது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. குக்கீயை அழிக்கலாம், மின்னஞ்சல் முகவரியை யார் மாற்றுவார்? பிரவுசரின் எழுத்துரு, திரை அளவு இவற்றை வைத்து ஆளை அடையாளம் காணும் கைரேகை உத்தியும் பரவியது. மொன்டுல்லி பயந்தது இதற்குத்தான். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது பலித்துவிட்டது.

ஆப்பிள், மொசில்லா இரண்டும் காத்திருக்கவில்லை. சஃபாரி ஆரம்பத்திலிருந்தே ஓரளவு மூன்றாம் தரப்பு குக்கீயைத் தடுத்தது. அதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவம் வைத்துத் தாண்டியதற்காக 2012-இல் கூகுள் எஃப்டிசிக்கு 2 கோடியே 25 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2017-இல் சஃபாரி இறுக்கியது, 2020 மார்ச்சில் முழுதாகவே அடைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரில் கண்காணிப்புக் குக்கீகளைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது.

கூகுளின் நிலைமை சிக்கல். பிரவுசரும் அவர்களுடையது, விளம்பரச் சந்தையும் அவர்களுடையது. குக்கீயை எடுத்தால் போட்டியாளர் குருடாவார், தேடலும் யூடியூபும் ஜிமெயிலும் வைத்திருக்கும் கூகுளுக்குக் கண் தெரியும். பிரிட்டன் போட்டி ஆணையம் 2021 ஜனவரியில் விசாரணை தொடங்கியதற்குக் காரணம் இதுதான். கெடு 2022 என்றது 2023 ஆனது, பிறகு 2024, பிறகு 2025. ஃப்ளாக் என்ற மாற்று வந்து போய், டாபிக்ஸ் வந்தது. 2024 ஜனவரியில் ஒரு சதவீத குரோம் பயனர்களுக்கு நிறுத்திப் பார்த்தார்கள். அதே வருடம் ஜூலையில், எடுக்கப்போவதில்லை, பயனரே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். 2025 ஏப்ரலில் அந்தத் தேர்வுப் பெட்டியும் வராது என்றார்கள். 2025 அக்டோபரில் டாபிக்ஸ் உள்ளிட்ட மாற்று நுட்பங்களில் பெரும்பாலானவற்றை மூட்டை கட்டினார்கள். இதை நம்பி ஐந்து வருடம் கோடு எழுதிய எஞ்சினியர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஆக இன்றைக்குச் சந்தை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரே கட்டுரையை ஒருவர் குரோமில் படித்தால் ஒரு விலை, ஐபோன் சஃபாரியில் படித்தால் வேறு விலை. சஃபாரி இறுக்கிய முதல் இரண்டு வருடங்களில் சஃபாரி வாசகருக்கான விளம்பர விலை 60 சதவீதத்துக்கு மேல் விழுந்ததாக 2019 இறுதியில் செய்தி வந்தது. அமெரிக்காவில் ஐபோன் வைத்திருப்பவர்கள் சராசரியாக அதிகம் செலவழிக்கிறவர்கள். அவர்களை யாரென்று தெரியாததால் மட்டுமே மலிவாக விற்கிறார்கள். படிக்கிற பக்கம் எதைப் பற்றியது என்று பார்த்து மட்டும் வாங்கத் தெரிந்த விளம்பரதாரர்கள் சத்தமில்லாமல் அந்த இடங்களை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். குரோம் வாசகர்களுக்காக ஏலத்தில் முட்டிமோதும் கூட்டம் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.